மார்க்கம் குளிரில் மூங்கில் வேலி நிற்குமா?

பின்வளவான் (மார்க்கம்):

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரின் வடக்குப் பக்கம் புதிதாக எழும்பிய வீட்டுத்திட்டம் ஒன்றில் இருக்கிறோம். எங்கள் பின்வளவும் பின்வீட்டுக்காரரின் பின்வளவும் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. நடுவில் ஆறடி மரவேலி உண்டு. ஆனால் அவர்களின் மேல்மாடி யன்னல் நேரே எங்கள் டெக்கை, பின்வாசல் மரமேடையைப் பார்க்கிறது. டெக்கில் இருந்து நிம்மதியாக ஒரு தேத்தண்ணீர் குடிக்க முடியவில்லை.

சீடர் மரங்களை வேலியாக நடலாம் என்றால், இந்தத் தெருவில் வைத்தவர்களின் சீடர் பாதிக்கு மேல் பழுப்பாக நிற்கிறது. மனைவி கண்டியில் பிறந்தவர். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் நிற்கும் பெரிய மூங்கிலைப் பார்த்து வளர்ந்தவர். மூங்கில்தான் வேண்டும் என்று ஒரே பிடி. கடையில் ஒரு சாடியில் "மண்டலம் 5" என்று லேபல் போட்ட மூங்கிலும் பார்த்தோம். மாமா வேறு, வருகிற முறை ஊரிலிருந்து மஞ்சள் மூங்கில் துண்டொன்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரட்டா என்று கேட்கிறார்.

இங்கே –25 வரை போகும் குளிரில் மூங்கில் உண்மையில் தப்புமா? தப்பினால் பக்கத்து வளவுக்குள் பாய்ந்து சண்டை வருமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

கிழக்குவாசல் (ஏஜெக்ஸ்):

தம்பி, காசைக் கரியாக்காதீர்கள். ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்குப் பண்டாக்கள் வந்தபோது மூங்கிலை அமெரிக்காவிலிருந்து விமானத்தில் அல்லவா கொண்டுவந்தார்கள்? பிறகு அதே பண்டாக்கள் கல்கரியில் இருந்தபோது, கொரோனாவால் விமானங்கள் குறைந்து மூங்கில் கிடைக்காமல்தான் 2020இல் சீனாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இந்த நாட்டில் மூங்கில் வளருமென்றால் ஏன் அந்தப் பாடு?

*

ஹரோக்காரன் (லண்டன்):

இங்கே பிரச்சினை நேர்மாறு. வளராது என்ற பயமே இல்லை, நிற்பாட்ட முடியாது என்பதுதான் பயம். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ வைத்த பொன் மூங்கில் வேலிக்கு அடியால் வந்து, எங்கள் ஷெட்டின் தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் குருத்து விட்டது. பலகையைக் கழற்றி அலவாங்கால் கிண்டி எடுக்க வேண்டியிருந்தது. வைக்க முதல் நன்றாக யோசியுங்கள் அண்ணா.

*

ரூஜ்கரை (ஸ்காபரோ):

பின்வளவான் தம்பி, என் வளவில் மூங்கில் நிற்கிறது. 2015 பெப்ரவரியை, ரொறன்ரோவின் பதிவேட்டில் இடம்பிடித்த அந்தக் குளிரை, அதே இடத்தில் நின்று தாண்டியது. ஆகவே தப்பும். ஆனால் "தப்பும்" என்பதற்கு இங்கே என்ன அர்த்தம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கிழக்குவாசல் அண்ணையின் பண்டாக் கதைக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

மூங்கிலில் இலை, தடி, நிலத்தடித் தண்டு மூன்றும் மூன்று விதமாகக் குளிரைத் தாங்கும். இலைதான் முதலில் போகும். அதற்குச் சில பாகை கீழே தடி சாகும். மண்ணுக்குள் இருக்கிற தண்டு எல்லாவற்றுக்கும் கடைசி. லேபலில் போட்டிருக்கும் எண், செடி உயிரோடு தப்புகிற எல்லை. இலை பச்சையாக இருக்கும் எல்லை அல்ல. ஏர் ஷுன், டா மாவோ என்ற அந்தப் பண்டாக்கள் இரண்டும் 2013இல் எங்கள் பக்கத்து மிருகக்காட்சிச்சாலைக்கு வந்தபோது மூங்கில் மெம்பிஸிலிருந்து வந்தது உண்மைதான். ஒரு பண்டா ஒரு நாளைக்கு 12 கிலோவுக்கு மேல் தின்னும். அதுவும் பெப்ரவரியில் பச்சை இலையாக வேண்டும். அதை ஒன்ராறியோ மண் கொடுக்காது. உங்களுக்கு வேண்டியது பண்டாச் சாப்பாடு அல்லவே, சமரில், அதாவது கோடையில், மறைப்பு. டெக்கில் பெப்ரவரியில் யார் தேத்தண்ணீர் குடிக்கப்போகிறார்கள்?

"மண்டலம் 5" என்பதையும் கவனியுங்கள். லேபலில் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அதன்படி 5 என்றால் வருடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை சராசரியாக –29க்கும் –23க்கும் இடையில். கனடாவின் மண்டலக் கணக்கு வேறு அளவீடுகளையும் சேர்த்துப் போடுவது, எண் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் கடையில் மண்டலத்தை விட்டுவிட்டு எத்தனை பாகை வரை தாங்கும் என்று கேளுங்கள். அப்புறம், வன்கூவர் பக்கத்து ஆட்கள் இணையத்தில் எழுதுகிற மூங்கில் ஆலோசனையை நம்பி இங்கே நடாதீர்கள். அவர்களின் வின்ரர் எங்கள் நவம்பர்.

இனி ஹரோத் தம்பி சொன்ன விசயம். என் கணக்கில் குளிரைவிடப் பெரிய பிரச்சினை அதுதான். மூங்கிலில் இரண்டு சாதி. ஒன்று ஓடும், மற்றது இருந்த இடத்திலேயே பற்றையாகப் பெருக்கும். ஓடுவதில் முக்கியமானது ஃபைலோஸ்ராக்கிஸ் இனம்: மேல்மண்ணின் முதல் 30 சென்ரிமீற்றருக்குள் தண்டை ஓட்டிக்கொண்டே போய், நினைத்த இடத்தில் குருத்து விடும். ஊரில் இரவோடிரவாக வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டு, பிறகு தலைமுறைக்கும் கோர்ட் ஏறி இறங்கிய சனம் நாங்கள். இந்த மூங்கில் அந்த வேலையை ஆளில்லாமல் தானே செய்யும்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒன்ராறியோவில் 2009இலிருந்து வீட்டுத்தோட்டத்தில் அழகுக்காகக் களைகொல்லி அடிப்பது தடை. ஓடிய மூங்கிலுக்கு மருந்தடித்துத் தப்பலாம் என்று கனவு காண முடியாது. மண்வெட்டியும் அலவாங்கும்தான். தடுப்புப் போடலாம், அதற்கென்றே தடித்த பிளாஸ்ரிக் தகடு விற்கிறார்கள். 70 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, தகட்டின் மேல் விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தெரிய, மேற்பக்கம் செடியிலிருந்து கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கப் போட வேண்டும். முட்டுகிற தண்டு அப்போதுதான் மேலே கிளம்பும்; கண்ணில் பட்டதும் வெட்டலாம். ஒவ்வொரு வருடமும் சமர் முடிகிற நேரத்தில் சுற்றிவரப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் ஊருக்குப் போனால் அது வெளியே போய்விடும். எல்லைக்கு அப்பால் ஓடினால் வைத்தவர்தான் பொறுப்பு என்று கனெக்ரிக்கட் மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது. இங்கே அப்படித் தனிச் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், பின்வீட்டுக்காரரின் முகத்தை நீங்கள் தினமும் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் வளவுக்கு ஃபார்கேசியா. மத்திய சீனாவின் மலைக்காடுகளிலிருந்து வந்த பற்றை மூங்கில், ஓடாது. அதில் இங்கே கிடைப்பவை பற்றி என் அபிப்பிராயம் இது. நிட்டிடா: –29 வரை தாங்கும், கருநீலம் ஓடிய மெல்லிய தடி, நல்ல வடிவு. ஆனால் மத்தியான வெயில் பட்டால் இலையைச் சுருட்டிக்கொண்டு கோபித்த மாதிரி நிற்கும். முரியேலே: அதே அளவு குளிர் தாங்கும், பச்சைத் தடி, இரண்டும் மூன்று நான்கு மீற்றர் வரை போகும். ரூஃபா: குளிர் தாங்குவதில் ஒரு படி கீழே, –26 அளவில். உயரமும் இரண்டரை மீற்றருக்குள்தான். ஆனால் வெயிலை இவற்றைவிட நன்றாகத் தாங்கும், சீக்கிரம் அடர்ந்துவிடும். ரொபஸ்ரா பார்க்க எல்லாவற்றையும் விட அழகு, நிமிர்ந்து நிற்கும். அதன் எல்லை –18 அளவு, வசந்தத்தில் முந்திக் குருத்து விட்டுப் பின்னால் வருகிற உறைபனியில் பறிகொடுக்கும். மார்க்கத்தில் வேண்டாம்.

முரியேலேக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, எனக்குப் பிடித்தது. எர்னெஸ்ட் வில்சன் என்ற தாவர சேகரிப்பாளர் 1907இல் ஹூபே மாகாணத்தில் எடுத்த செடி அது. பெயர் அவருடைய மகள் முரியலுடையது. அந்த ஒரு செடியைப் பிரித்துப் பிரித்துத்தான் ஐரோப்பாத் தோட்டங்கள் முழுக்க நிரப்பினார்கள். எல்லாம் ஒரே செடியின் துண்டு என்றபடியால் வயதும் ஒன்றுதான். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் எல்லாம் ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, ஒன்றாகச் செத்தன. வேலி வைத்திருந்தவர்களின் வேலியெல்லாம் வைக்கோல். நிட்டிடாவும் அதற்குப் பிறகு அதே வழியில் போனது. இப்போது கடைக்கு வருபவை பெரும்பாலும் அந்த விதையில் முளைத்த புதிய தலைமுறை. எங்கள் காலத்தில் பூக்காது. ஆனாலும் "புதிய தலைமுறைதானா" என்று கேட்டு வாங்குங்கள். எங்கோ ஒரு மூலையில் பழைய செடியைப் பிரித்து விற்கிறவரும் இருக்கலாம்.

மாமாவின் மஞ்சள் மூங்கில்: பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே போனதும் அது முடிந்துவிடும். தவிர மண்ணோடு செடித்துண்டு கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பறித்து வைப்பார்கள், தண்டப்பணமும் வரலாம்.

இன்னொன்று. மேல்மாடி யன்னலை மறைக்க வேலியோரம் நடுவது வீண். கணக்குப் போட்டுப் பாருங்கள். டெக் நிலத்திலிருந்து இரண்டடி உயரம் என்றால், கதிரையில் இருக்கும்போது உங்கள் கண் 1.8 மீற்றரில். அவர்கள் யன்னலில் நிற்கும்போது 5 மீற்றரில். இரண்டுக்கும் இடையில் 20 மீற்றர் தூரம் என்று வைப்போம். 10 மீற்றர் தள்ளி வேலியடியில் நட்டால் 3.4 மீற்றர் உயரம் வேண்டும். கதிரையிலிருந்து 2 மீற்றரில் நட்டால் 2.1 மீற்றர் போதும். ரூஃபாவே அதைச் செய்துவிடும். வேலியை மறந்துவிட்டு டெக்கைச் சுற்றி நடுங்கள்.

*

பின்வளவான்:

அக்கா, டெக்கருகே நடலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். டெக் மேற்குப் பார்த்தது, பின்னேரம் முழுக்க வெயில். மண் களிமண், மேலே புல்லுக்காகப் போட்ட நல்ல மண் ஒரு சாண்கூட இல்லை. வசந்தத்தில் வேலியோரம் தண்ணீர் தேங்கும். அப்புறம் வின்ரரில் என்ன செய்ய வேண்டும்? டெக்கின் மேலேயே பெரிய சாடியில் வைத்தால் இந்த மண் பிரச்சினை இல்லையே என்று மனைவி கேட்கிறார்.

*

ரூஜ்கரை:

சாடி வேண்டாம் தம்பி. நிலத்தில் இருக்கும்போது வேருக்கு நாலு பக்கமும் மண் போர்வை. சாடியில் நாலு பக்கமும் குளிர் காற்று. –26 தாங்குகிற செடி சாடியில் அதைவிட எவ்வளவோ முந்தியே செத்துப்போகும். கராஜுக்குள் இழுத்து வைக்கிறேன் என்று சிலர் தொடங்குவார்கள். செடி பெருத்த பிறகு யார் இழுப்பது?

வேலியோரம் தேங்குகிற தண்ணீர் தற்செயல் அல்ல. புது வீட்டுத்திட்டங்களில் இரண்டு வளவுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் வடிய மெல்லிய பள்ளம் விட்டிருப்பார்கள். அதை நிரவக் கூடாது, நகரசபை கேள்வி கேட்கும். மூங்கிலும் அங்கே அழுகும். டெக்கின் மேற்குப் பக்கம் மண்ணை ஒரு அடிக்குக் கிட்ட உயர்த்தி, களியோடு கொம்போஸ்டை நன்றாகக் கலந்து மேடையாக்குங்கள். கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து, காஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று அடையாளம் போடச் சொல்லுங்கள். இலவசம்தான், சட்டமும் அதுதான்.

மேற்கு வெயிலுக்கு ரூஃபா. செடிக்குச் செடி ஒரு மீற்றர் விட்டால் போதும். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே நீள்வார இறுதிக்குப் பிறகு நடுங்கள். செப்டெம்பரில் பாதி விலைக்குப் போடுவார்கள், பக்கத்தில் போகாதீர்கள். வேர் பிடிக்க முதல் மண் உறைந்துவிடும். முதல் இரண்டு சமரும் ஹோஸைக் கையிலேயே வைத்திருங்கள். மூங்கில் தண்ணீர் கேட்கும், தேங்கினால் சாகும்.

ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு தடி மண்ணைவிட்டு எழும்பினால் அந்தப் பருவத்திலேயே தன் முழு உயரத்தையும் பருமனையும் அடைந்துவிடும். அடுத்த வருடம் அது ஒரு அங்குலமும் வளராது. உயரம் கூடுவதெல்லாம் அடுத்த வருடத்துப் புதுத் தடிகளில்தான். அதனால் முதல் வருடத் தடி இடுப்பளவில் நின்றுவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று நான்கு வருடத்தில் மறைப்பு வரும். உயரமாக நிற்கிறதே என்று மேலே வெட்டினால் அந்தத் தடி திரும்ப உயராது, பக்கக்கிளைதான் விடும்.

வின்ரருக்கு வருவோம். இங்கே மூங்கிலைக் கொல்வது வெறும் குளிர் அல்ல. மண் உறைந்து வேர் தண்ணீர் இழுக்க முடியாத நேரம், வெயிலும் வடமேல் காற்றும் இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். செடி தாகத்தில் காயும். உங்கள் தெருச் சீடரும் அனேகமாக அப்படித்தான் பழுப்பானது. ஆகவே நவம்பரில், மண் உறைய முதல், ஒரு நாள் வயிறு நிறையத் தண்ணீர் விடுங்கள். பிறகு அடியில் ஒரு சாண் தடிப்புக்குக் காய்ந்த இலை. காசு கொடுத்து வாங்க வேண்டாம், அந்த நேரம் தெரு முழுக்கக் கடதாசிப் பைகளில் கட்டி வைத்திருப்பார்கள். நான் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் மேப்பிள் இலைப் பைகளாகப் பார்த்து ஏற்றி வருவேன். மகளுக்கு வெட்கம், எனக்கு இல்லை. காற்று வரும் பக்கம் நாலு தடி நட்டுச் சாக்குத் துணி கட்டினால் முதல் இரண்டு வருடமும் நல்ல பலன். செடியைச் சுற்றி பொலித்தீன் சுற்றாதீர்கள், வெயிலேற உள்ளே அவிந்துவிடும்.

ஸ்னோ கொட்டினால் தடிகள் வளைந்து நிலத்தில் படுக்கும். அது நல்லது, ஸ்னோவுக்குள் இருக்கிற இலை காயாது. ஈர ஸ்னோ என்றால் தும்புத்தடியால் மெதுவாகக் கீழிருந்து மேலே தட்டிவிடலாம். ஐஸ் படிந்திருந்தால் கையே வைக்க வேண்டாம், முறியும். டெக்கின் படிக்கு உப்புப் போடுகிற பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் மணலுக்கு மாறுங்கள். உப்பு வேருக்கு நஞ்சு.

குளிரில் இலை சுருண்டு குழாயாக நிற்கும். தண்ணீரைக் காப்பாற்ற அது செய்கிற வேலை, பயப்படாதீர்கள். ஏப்ரலில்தான் ஆட்கள் பதறி எல்லாவற்றையும் அடியோடு தறித்துவிடுவார்கள். இலை கருகினாலும் கணுவில் இருக்கும் மொட்டு உயிரோடு இருக்கலாம். நகத்தால் தடியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை என்றால் விடுங்கள். மே கடைசி வரைக்கும் பொறுத்து, அப்போதும் துளிர்க்காத தடியை மட்டும் எடுத்தால் போதும். நன்றாக இருக்கிற செடியும் வசந்தத்தில் பழைய இலையில் ஒரு பங்கை மஞ்சளாக்கிக் கொட்டும், அதற்கும் பதற வேண்டாம். விழுந்த இலையை அடியிலேயே விடுங்கள். பசளை ஒன்றும் விசேஷமில்லை, வசந்தத்தில் புல்லுக்குப் போடுகிற நைதரசன் பசளை போதும், மேலே கொஞ்சம் கொம்போஸ்ட்.

முயலைச் சொல்ல மறந்துவிட்டேன். மார்க்கத்தில் முயலுக்குக் குறைவில்லை. புதுக் குருத்து வருகிற மாதத்தில் கோழிக்கூட்டுக் கம்பிவலையை முழங்கால் உயரத்துக்குச் சுற்றி வையுங்கள்.

*

கனாட்டா (ஒட்டாவா):

ரூஜ்கரை அக்கா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே உங்களைவிடக் குளிர், நிட்டிடா வைத்திருக்கிறேன். மோசமான வருடங்களில் ஸ்னோவுக்கு மேலே நின்றதெல்லாம் காய்ந்துவிடும், கீழே மூடிக் கிடந்தது பச்சையாக இருக்கும். கோடு கிழித்த மாதிரித் தெரியும். ஆகவே டிசெம்பரில் தடிகளை மெதுவாகச் சாய்த்துக் கட்டி, ட்ரைவ்வேயில் அள்ளுகிற ஸ்னோவில் உப்புப் படாததைப் பார்த்து மேலே போடுகிறேன். மார்க்கத்தில் இவ்வளவு தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆனால் ஸ்னோ இல்லாமல் காய்ந்த குளிர் அடிக்கிற ஜனவரி என்றால் கவனம்.

*

கிழக்குவாசல்:

சரி சரி, பண்டாவை விடுகிறேன். ரூஜ்கரை, இந்தக் குருத்தைச் சமைக்கலாமா? அதையும் சொல்லிவிடுங்கள்.

*

ரூஜ்கரை:

ரூஃபாக் குருத்து பென்சில் பருமன்தான் அண்ணை. உரித்தால் மிஞ்சுவது ஒரு வாய்க்கும் காணாது, முயலோடு போட்டி போடவும் வேண்டும். இந்தக் குளிரில் நிற்கிற மூங்கில்களில், சாப்பிடுகிற குருத்து ஓடுகிற சாதியில்தான் தடிப்பாக வரும், அதையும் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும். சீனக் கடையில் வாங்குங்கள்.

கனாட்டாத் தம்பி சொன்ன சாய்த்துக் கட்டுகிற வேலை நல்லது. மார்க்கத்தில் முதல் வின்ரருக்கு மட்டும் செய்து பாருங்கள்.

பின்வளவான், கடையில் பார்த்த "மண்டலம் 5" சாடியின் லேபலில் இனத்தின் முழுப்பெயர் இருக்கிறதா? வெறுமனே "மூங்கில்" என்று மட்டும் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். பெயர் இருந்தாலும் வாங்க முதல் செடியைச் சாடியிலிருந்து மெதுவாக உருவிப் பார்க்கக் கேளுங்கள், நல்ல நேசரிக்காரர் மறுக்க மாட்டார். ஃபார்கேசியா என்றால் நடுவில் நெருக்கமாகத் தடிகளும் சுற்றிவர மெல்லிய வேரும்தான் இருக்கும். சாடியின் சுவரோடு விரல் பருமனில் மஞ்சள் வெள்ளையாக, கணுக் கணுவாக ஒரு தண்டு வளையம் போட்டிருந்தால் லேபல் எதைச் சொன்னாலும் அது ஓடுகிற சாதி.